ராயபுரம் மாஸ்டரும் சார்லி வாட்ஸும்

எங்கள் மீஞ்சூர்ப் பக்கத்தில் படித்த படிப்புக்கேற்ற வேலையில் இருப்பவர்கள் குறைவு. மெக்கானிக்கல் முடித்தவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்க்கிறான். பி.காம். படித்த பெண் அத்திப்பட்டில் ஒரு குடோனுக்கு சூப்பர்வைசர். ஆசிரியர் பயிற்சி முடித்த இன்னொருவர் லாரி ஓட்டுகிறார். சாயங்காலம் ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் நான் காற்றாட உட்கார்ந்திருந்தால், இந்தப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் "படிச்சது வீணாப் போச்சு தாத்தா" என்பதில்தான் வந்து நிற்கும். நான் உடனே பதில் சொல்வதில்லை. பதிலுக்கு நான் வைத்திருப்பது டிரம்ஸ் வாசித்தவர்களின் கதை. அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவர்களுக்கோ ரயில் பிடிக்கிற அவசரம். எனவே இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் வேலை பார்த்தது எண்ணூரில், ஷிப்டு வேலை. ஓய்வுநாட்களிலும் திருவிழாக் காலங்களிலும் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு என்று கடலோரமாகவே எங்கள் கச்சேரிகள் நடக்கும். எனக்கு டிரம்ஸ் சொல்லிக் கொடுத்தவர் ராயபுரத்தில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாங்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு உயிர் ஜாஸ். இளவயதில் ரயில்வே இன்ஸ்டிடியூட் நடன இரவுகளில் ஜாஸ் வாசித்திருக்கிறார். அந்தக் காலத்து மதராஸில் ராயபுரம், பெரம்பூர் ரயில்வே குடும்பங்கள் நடத்திய நடன இரவுகள்தான் ஜாஸுக்கு வீடு. பிறகு அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறின. ஆட வந்தவர்களும் போனார்கள், வாசித்தவர்களும் போனார்கள். மாஸ்டர் போகவில்லை. வாசிக்க இடமில்லாமல் எங்களைப் போன்ற சினிமாப் பாட்டுக் குழுவுக்கு வந்து சேர்ந்தார்.

நான் சேர்ந்த புதிதில் டிரம்ஸைத் தொடவே விடமாட்டார். மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, கையில் இரண்டு பிரஷ் கொடுப்பார். விசிறிபோல் விரியும் கம்பி பிரஷ். இடது கை தாளின்மேல் வட்டமாக உராய்ந்துகொண்டே இருக்க வேண்டும், வலது கை மேலே தட்ட வேண்டும். உராய்வது நிற்கவே கூடாது. அந்தச் சரசரப்பு நின்றால் மாஸ்டர் பக்கத்து அறையிலிருந்தே, "என்னா மேன், தூங்கிட்டியா?" என்பார். செய்தித்தாளில் கறுப்பாக வட்டத் தடம் விழும்வரை இதே வேலை. டமடமவென்று அடித்து ஊரை எழுப்பலாம் என்று போனவனுக்கு அது பெரிய சோதனை. இன்று நினைத்தால் அந்தச் சின்னப் பையன்மேல் பிரியமாக இருக்கிறது. எத்தனை அவசரம் அவனுக்கு!

ஸ்டிக் பிடிப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. வலது கை சுத்தியல் பிடிப்பது போல. இடது கை மட்டும் உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரல் இடுக்கில் ஸ்டிக் படுத்திருக்கும். இது ராணுவ பேண்டிலிருந்து வந்த பழக்கம். தோளில் வார் போட்டு மாட்டிய சைடு டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். சாய்ந்த டிரம்முக்கு அப்படிப் பிடித்தால்தான் கை வளையும். ராயபுரம் சர்ச் ஊர்வலத்தில் பேண்டு வாசிப்பவரின் இடது கையைக் கவனித்தால் தெரியும். டிரம் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜாஸ்காரர்கள் அந்தப் பிடியை விடவில்லை. ராக் வந்தபோது பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். இரண்டு கையிலும் ஒரே மாதிரி பிடித்தால் பலம் கூடும். ராக்கில் பலம்தானே கேட்கிறார்கள்.

மாஸ்டர் அடிக்கடி சொல்வது 1958ஆம் வருடத்தைப் பற்றி. அமெரிக்க அரசு அனுப்பி ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு இந்தியாவில் சுற்றியது. மதராஸுக்கும் வந்தது. ஜோ மொரெல்லோதான் டிரம்ஸ். மாஸ்டர் போய்க் கேட்டிருக்கிறார். அடுத்த வருடமே அந்தக் குழு 'டேக் ஃபைவ்' என்ற ஐந்து எண்ணிக்கை உருப்படியை வாசித்து உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. நம் கண்டசாபு தாளம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஐந்து அந்நியமில்லை. ஆனாலும் மொரெல்லோ அந்த ஐந்துக்குள் எவ்வளவு இடம் விட்டு வாசித்தார் என்பதை மாஸ்டர் மேஜைமேல் தட்டிக் காட்டும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். இப்படிப்பட்டவர் எங்களோடு வந்து கோயில் திடலில் சினிமாப் பாட்டு வாசித்தார். அதில் அவருக்குக் குறை இருந்ததாக நான் பார்த்ததே இல்லை.

ஒரு திருவிழா இரவு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் குழுவின் மூத்த பாடகர் உச்சஸ்தாயிப் பாட்டுகளுக்குப் பேர்போனவர். அன்றைக்கு அவருக்கு நெஞ்சுச்சளி. சரணத்துக்கு முன்பே மூச்சு முட்டுவது பக்கத்தில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது. கூட்டமோ நிறைந்து வழிகிறது. மாஸ்டர் வலது கையில் சிம்பலை விடாமல், இடது கையால் ஸ்டிக்கை மடியில் போட்டு பிரஷ்ஷை எடுத்தார். அடுத்த நொடி வலது கையும் மாறியது. ஒரு தட்டுக்கூட விடவில்லை. டிரம்ஸ் சத்தம் இறங்கியதும் கிடாரும் ஆர்மோனியமும் தானாக இறங்கின. இடையிசை முடிகிற இடத்தில் முடிக்காமல் இன்னொரு சுற்று போனார். அந்தச் சுற்றில் பாடகர் மைக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிக்கொண்டார். அவர் திரும்பி மாஸ்டரைப் பார்த்த பிறகுதான் ஸ்நேர் டிரம்மில் ஒரு சின்ன உருட்டு. சரணம் சரியான இடத்தில் வந்து விழுந்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கைதட்டல் எல்லாம் பாடகருக்குத்தான்.

வண்டியில் திரும்பும்போது, "அந்த யோசனை எப்படி மாஸ்டர் வந்துச்சு?" என்று கேட்டேன். "ஜாஸ்ல வேற என்னா மேன் இருக்கு? பக்கத்தில இருக்கிறவன் என்னா சொல்றான்னு கேக்கறதுதான்" என்றார்.

ஜாஸில் எழுதிவைத்த பாட்டு கொஞ்சம்தான். மீதியை அங்கேயே ஒருவர் கற்பனையில் வாசிப்பார். அவர் எங்கே போகிறார், எங்கே திணறுகிறார், எங்கே இறங்கப் பார்க்கிறார் என்று டிரம்மர் காதைத் தீட்டிக்கொண்டு கூடவே போக வேண்டும். நம் மிருதங்கக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். பாடகர் விஸ்தாரமாகப் போகும்போது சர்வலகு என்ற எளிய நடையில் கூடவே நடந்து போவதற்குத்தான் பெரிய ஞானம் வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் கைதட்டல் வாங்குவதைவிட அது கடினம். ஜாஸ் வாசிக்க இடமில்லாமல் போன மாஸ்டரிடம் ஜாஸின் இந்தக் குணம் மட்டும் அப்படியே இருந்தது. எந்தப் பாட்டுக்கு உட்கார்ந்தாலும் அது அவர் கையில் வந்தது.

நம் சென்னையிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. டிரம்ஸ் சிவமணி 1959இல் பிறந்தவர். அப்பா ஆனந்தன் சினிமா இசைக்குழுக்களில் தாளவாத்தியம் வாசித்தவர். அந்தக் காலத்து ஒலிப்பதிவு சாதாரண வேலை இல்லை. பாடகர், வயலின் வரிசை, டிரம்ஸ் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். கடைசி வரியில் ஒருவர் தப்பினாலும் எல்லோருக்கும் முதலிலிருந்து. அந்தச் சூழலில் வளர்ந்த சிவமணி ஏழு வயதில் வாசிக்கத் தொடங்கி, பதின்வயது தொடங்கும் முன்பே தொழிலுக்கு வந்துவிட்டார். தனக்கு ஊக்கம் தந்தவர்களாக அவர் சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று, இங்கே வாசித்த டிரம்மர் நோயல் கிராண்ட். மற்றொன்று, பில்லி கோபம். பனாமாவில் பிறந்த கோபம் ஜாஸில் பழுத்தவர். 1971இல் கிடார்க்காரர் ஜான் மெக்லாஃப்லின் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் ஜாஸின் நுணுக்கத்தை ராக்கின் பலத்தோடு சேர்த்து அடித்தவர். அதே மெக்லாஃப்லின்தான் பிற்பாடு நம் விக்கு விநாயக்ராமின் கடத்தையும் சேர்த்துக்கொண்டு 'சக்தி' குழுவை நடத்தினார்.

தனக்கு ஊக்கம் தந்த அந்தப் பில்லி கோபமுடன் 1990இல் மும்பை ரங்பவனில் ஒரே மேடையில் வாசிக்கும் வாய்ப்பு சிவமணிக்குக் கிடைத்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்த வேலைகளைப் பாருங்கள். குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினோடு வாசித்தார். எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் மேடைக் கச்சேரிகளில் வாசித்தார். ஏ.ஆர். ரகுமான் சினிமாவுக்கு வருவதற்கு முன்பு நண்பர்களோடு வாசித்த 'ரூட்ஸ்' குழுவில் வாசித்தார். தண்ணீர் கேன், சூட்கேஸ், தட்டு என்று கையில் கிடைத்ததை எல்லாம் வாசித்தார். 2008இல் ஐ.பி.எல். வந்தபோது சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட்டுக்கும் வாசித்தார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. 'இது நான் கற்றதற்கு ஏற்ற மேடையா' என்று அவர் எங்கேயாவது தயங்கி நின்றிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. இன்னும் இரண்டு டிரம்மர்கள் உண்டு. மும்பை ரஞ்சித் பாரோட் கதக் மேதை சிதாரா தேவியின் மகன். திரிலோக் குர்து தும்ரி பாடிய ஷோபா குர்துவின் மகன். அம்மாவின் கலை ஒன்று, பிள்ளை உட்கார்ந்த வாத்தியம் வேறு. ஆனாலும் அவர்கள் டிரம்ஸைக் கேட்டால் வீட்டில் கேட்ட தாளம் உள்ளே ஓடுவது தெரியும்.

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் மட்டும் லண்டன்காரர். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ். 1941இல் பிறந்தவர். அப்பா ரயில்வே கம்பெனியில் லாரி டிரைவர். இதைப் படித்தபோதே, 'நம்ம பக்கத்துப் பிள்ளை' என்று எனக்குத் தோன்றிவிட்டது. பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு பேன்ஜோ வாங்கியிருக்கிறான் பையன். கம்பியில் விரல் வைக்கப் பிடிக்கவில்லை. கழுத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வட்டமான தோல் பகுதியை மட்டும் ஸ்நேர் டிரம் ஆக்கிக்கொண்டு பிரஷ்ஷால் வாசிக்க ஆரம்பித்தான். சிக்கோ ஹாமில்டன் என்ற ஜாஸ் டிரம்மர் பிரஷ்ஷால் வாசித்த ஒரு இசைத்தட்டைக் கேட்டதுதான் காரணம். பக்கத்து வீட்டுப் பையன் டேவ் கிரீனும் அவனும் சேர்ந்து ஜாஸ் இசைத்தட்டுகளாகக் கேட்டுத் தீர்த்தார்கள். 1955இல் பெற்றோர் ஒரு டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஓவியப் பள்ளியில் படித்து விளம்பர நிறுவனத்தில் வரைகலை வேலைக்குப் போனார் வாட்ஸ். ராத்திரியில் வாசிப்பு. 1963 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். ஜாஸ் மேதை சார்லி பார்க்கரைக் கும்பிட்டவர், கத்திப் பாடும் ஐந்து பையன்களில் ஒருவரானார். அதன்பிறகு ஐம்பத்தெட்டு வருடம் அதுதான் பிழைப்பு.

அந்தப் பிழைப்பை அவர் எப்படிச் செய்தார் என்பதில்தான் எனக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. 1965இல் வந்த 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டைக் கேளுங்கள். ஸ்நேரில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லாத் தட்டிலும் அடி விழுகிறது. தன் வித்தையைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறவர் இதை வாசிக்கவே மாட்டார். அந்தப் பாட்டுக்கு அதுதான் வேண்டும் என்று அவர் காது சொல்லியிருக்கிறது. மேடையில் சுற்றியிருந்தவர்கள் டிரம்ஸை மலைபோல் அடுக்கிய காலத்திலும், பல்லாண்டுகள் 1957இல் செய்த ஒரு சின்ன கிரெட்ஷ் டிரம்ஸையே அவர் வைத்துக்கொண்டார். ஜாஸ் கிளப்பில் மூலையில் அடங்குகிற அளவு. அதை லட்சம் பேர் கூடும் மைதானத்தில் வைத்து வாசித்தார். தனி ஆவர்த்தனம் அவருக்குப் பிடிக்காது. இடது கை உள்ளங்கை மேலே பார்க்கும் அந்தப் பழைய பிடியைக் கடைசிவரை விடவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. சாதாரணமாக ராக் டிரம்மரின் வலது கை ஹை ஹாட் என்ற ஜோடிச் சிம்பலில் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் இடது கை ஸ்நேரில் விழும்போதும் வலது கை கூடவே விழும். வாட்ஸ் அந்த இடத்தில் மட்டும் வலது கையைத் தூக்கிவிடுவார். ஸ்நேர் தனியாக, சுத்தமாகக் கேட்கும். இதை வீடியோவில் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 2003 ஏப்ரலில் பெங்களூரிலும் மும்பையிலும் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்தபோது, எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்த தம்பி பெங்களூருக்குப் போய்வந்தான். "அண்ணே, அவ்ளோ பெரிய மேடையில அந்த மனுஷன் மட்டும் ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்குற மாதிரி இருந்தார்ணே" என்றான். அப்போது வாட்ஸுக்கு 61 வயது.

பெரும்பாலான குழுக்களில் டிரம்மர் பின்னால் மற்றவர்கள் போவார்கள். ரோலிங் ஸ்டோன்ஸில் கீத் ரிச்சர்ட்ஸின் கிடார் முன்னால் போகும், வாட்ஸ் கேட்டுக்கொண்டு பின்னால் வருவார். அந்த இம்மி இடைவெளியில்தான் அவர்கள் பாட்டுக்கு அந்த ஆட்டம் வருகிறது. இதை ராக் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ராயபுரத்தில் மாஸ்டர் செய்ததுதான் இது. பக்கத்தில் இருக்கிறவன் என்ன சொல்கிறான் என்று கேட்பது.

அவர் வாழ்க்கையிலும் வழுக்கல் உண்டு. நாற்பதைத் தாண்டிய வயதில், 1980களின் நடுவில், குடியும் போதை மருந்தும் பிடித்துக்கொண்டன. ஒருநாள் நிலவறையில் ஒயின் எடுக்கப் போய்க் கணுக்காலை உடைத்துக்கொண்டார். அப்போது லண்டனின் ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் அவர் வாசிக்க வேண்டியிருந்தது. அதோடு எல்லாவற்றையும் நிறுத்தினார். கோடிக்கணக்கில் பணம் தந்த மேடை செய்யாததை, சின்ன ஜாஸ் கிளப்பில் வாசிக்க வேண்டுமே என்ற கவலை செய்திருக்கிறது. கற்ற வித்தை சம்பளம் கொடுக்காவிட்டாலும் ஆளைக் காப்பாற்றும் என்று மீஞ்சூர்ப் பிள்ளைகளிடம் நான் சொல்ல நினைப்பது இதை வைத்துத்தான்.

ஜாஸை அவர் கைவிடவும் இல்லை. 1986இல் சுமார் முப்பது பேர் கொண்ட பெரிய ஜாஸ் குழுவைச் சேர்த்து நடத்தினார். சார்லி பார்க்கரைப் பற்றி இளவயதில் தான் வரைந்த சித்திரக் கதைக்காக 1991இல் ஒரு இசைத்தட்டு செய்தார். 2000இல் டிரம்மர் ஜிம் கெல்ட்னரோடு செய்த தொகுப்பில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு டிரம்மரின் பெயர். மேக்ஸ் ரோச், ராய் ஹேன்ஸ், ஆர்ட் பிளேக்கி, டோனி வில்லியம்ஸ். நம் இந்துஸ்தானி இசைக்காரர்கள் குரு பெயரைச் சொல்லும்போது காதைத் தொட்டுக்கொள்வார்களே, அந்த மரியாதை அது. ரோலிங் ஸ்டோன்ஸ் சுற்றுப்பயணம் இல்லாத மாதங்களில் சின்னச் சின்ன கிளப்புகளில் ஒரு நால்வர் குழுவோடு வாசித்தார். அதில் பாஸ் வாசித்தவர் டேவ் கிரீன். பேன்ஜோவைக் கழற்றிய காலத்துப் பக்கத்து வீட்டுப் பையன்.

2021இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் ஏற்பாடாகியிருந்த நேரத்தில் வாட்ஸுக்கு ஒரு சிகிச்சை நடந்தது. தன்னால் வரமுடியாது என்று தெரிந்ததும் டிரம்மர் ஸ்டீவ் ஜோர்டானை அவரே அழைத்துத் தன் இடத்தில் வாசிக்கச் சொன்னார். எண்ணூரில் ஷிப்டு பார்த்தவனுக்கு இது நன்றாகப் புரியும். நேரம் முடிந்தது என்று எழுந்து போகிறவர் உண்டு. ரிலீவர் வந்து, மீட்டரைக் காட்டி, லாக் புக்கைக் கையில் கொடுத்த பிறகுதான் இறங்குகிறவரும் உண்டு. இரண்டாவது வகை ஆட்களோடு வேலை பார்த்தால் ராத்திரி நிம்மதியாக இருக்கும். ஆகஸ்ட் 24 அன்று லண்டனில் வாட்ஸ் காலமானார், எண்பது வயது. செப்டம்பர் 26 அன்று செயின்ட் லூயிஸ் நகரில், ஸ்டீவ் ஜோர்டான் டிரம்ஸில் உட்கார, சுற்றுப்பயணம் சொன்னபடி தொடங்கியது.